மாரிசெல்வி வைத்த இரண்டாவது ஃபில்டர்

மாரிசெல்வியைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நாற்காலி போட்டு முப்பத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். பெயர் சௌந்தரபாண்டியன். என் பேனாவில் வந்ததெல்லாம் வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப்பாதை, இதற்கு உட்பட்ட இடம் என்பதுதான். சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். செய்தவனே எழுதிக் கொடுத்துவிட்டால் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. என் தகுதி அவ்வளவுதான்.

அவளுக்கு ஊர் வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம். பன்னிரண்டாவது முடித்த கையோடு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். அறுந்த நூலை முடிந்துவிடுகிற வேலை. எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் மெஷினுக்குள் இருந்த எலெக்ட்ரானிக் கார்டு எரிந்துபோய், கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் வந்து பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். மறுமுறை அதே கார்டு எரிந்தபோது, "போன தடவை இந்தக் கறுப்புப் பூச்சியைத்தான் சார் மாத்துனாவ" என்று ஒரு சிப்பின் மேல் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். மானேஜர் வாயைப் பிளந்துவிட்டார். அதன் பிறகு பகுதி நேர டிப்ளமா, சால்டரிங் அயர்ன், தனியாக ஒரு சின்ன அறை. கோயம்புத்தூருக்குப் போய்ப் பத்து நாளில் திரும்பி வந்த கார்டெல்லாம் அவள் மேஜையில் அரை நாளில் உயிர் பெற்றன. பன்னிரண்டு வருஷம் அந்த அறை அவளுடையது. கல்யாணமும் நடுவில் ஆயிற்று. காளிராஜ் நல்ல மனுஷன், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறான், மனைவி சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இப்படிப்பட்ட வேலையை நாற்பத்து மூன்றாம் வயதில் யாராவது விடுவார்களா? அவள் விட்டாள். தேரடிக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு கடை பிடித்து, ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, மிக்ஸர் பழுது பார்க்கப்படும் என்று போர்டு மாட்டினாள். ஏன் தாயி இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன்.

"செத்த கார்டைப் பொழைக்க வச்சா மெஷின் ஓடும், சரி. ஓடி என்ன வருது அண்ணாச்சி? நூல்தான வருது. நான் பொழைக்க வச்ச பொட்டியில இருந்து ஒரு நாளாச்சும் பாட்டு வரணும்."

இதைச் சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொம்பளை இப்படியா முகத்தில் கண்ணைக் குத்தி வைத்த மாதிரி பார்ப்பது என்று உள்ளுக்குள் கடுகடுத்தேன். அவளே சொல்லிவிட்டாள். மில் இரைச்சலில் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காதாம். அதனால் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். இந்தக் கோடியில் நிற்கிறவள் "என்ன கொழம்பு?" என்று வாயசைத்தால் அந்தக் கோடியில் நிற்கிறவள் "புளிக்கொழம்பு" என்று வாயசைப்பாளாம். வெளியே வந்த பிறகும் கண் தானாக வாய்க்குப் போகிறது, கோச்சுக்காதிய என்றாள். அவள் சத்தமாகப் பேசுவதும் மில்லுப் பழக்கம் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

இனி என் பொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987இல் தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய ஜப்பான் சிந்தசைசர் அது. என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை வீட்டில் இன்றுவரை நான் சரியாகச் சொன்னதில்லை. இப்போது வருகிற கீபோர்டில் வயலின் என்று பட்டனைத் தட்டினால் எவனோ வாசித்துப் பதிந்து வைத்த வயலின் வரும். என் பொட்டியில் அப்படி ஒன்றும் கிடையாது. மின்சாரத்திலேயே சத்தத்தைப் பிறப்பித்து, அதை ஒரு ஃபில்டர் வழியாக விட்டு, வேண்டியதை வைத்து வேண்டாததைக் கழித்து, குமிழைத் திருகித் திருகி நாமேதான் குரல் செய்துகொள்ள வேண்டும். அந்த ஃபில்டர்தான் பொட்டிக்கு உயிர். மாவைச் சலிக்கிற மாதிரி சத்தத்தைச் சலிக்கிறது.

சில வருஷமாகப் பொட்டி மந்தமாகிவிட்டது. மேலே போகப்போக ஒரு மினுமினுப்பு வருமே, அது போயே போய்விட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. எங்கள் குழுவில் பாடுகிற சிவரஞ்சனியிடம் இதைச் சொன்னேன். செத்துப்போன என் டிரம்ஸ்காரச் சிநேகிதனின் மகள் அவள், வயது இருபத்தாறு.

"பெரியப்பா, பொட்டி எப்பவும் போலத்தான இருக்கு?" என்றாள்.

"ஏட்டி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் இதை வாசிக்கேன். எனக்குத் தெரியாதா?" என்று வள்ளென்று விழுந்தேன்.

பொட்டியை ஆட்டோவில் ஏற்றி மாரிசெல்வியிடம் கொண்டுபோனேன். கடை திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அலமாரியில் மற்றக் குழுக்காரர்களின் மூன்று கீபோர்டுகள் இருந்தன. என் பொட்டியைத் திறந்து பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சும்மா சொல்லக்கூடாது, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாற்போல் இருந்தது. இரண்டு நாள் வைத்திருந்து ஒவ்வொரு இடமாக ஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள். சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற டி.வி. மாதிரி ஒரு கருவி அது. மூன்றாம் நாள் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஸ்கோப்புல ஒரு கொறையும் தெரியல. மேல் சத்தம் அம்புட்டும் ஒழுங்கா வருது. பொட்டி நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா நான் என்னத்துக்கு ஆட்டோ வச்சித் தூக்கிட்டு வாரேன்? கிறுக்கா எனக்கு?"

அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை, வாடிக்கைக்காரரிடம் முறைக்க முடியுமா? செத்த நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். பழைய ஃபில்டரில் கை வைக்காமல், சத்தம் அதைத் தாண்டி வெளியே போகிற பாதையில் இரண்டாவதாக ஒரு ஃபில்டர் சர்க்யூட் கட்டிப் போடலாம். அது மேல் சத்தத்தில் ஒரு பங்கை மட்டும் பிடித்துத் தூக்கிக் கொடுக்கும். எந்தப் பங்கு என்பதற்கு ஒரு குமிழ், எம்புட்டுத் தூக்க வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். வேண்டாமென்றால் ஒரு சுவிட்சைத் தட்டினால் பழைய பொட்டி பழையபடி இருக்கும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு வாரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு கட்டினாள். அந்தச் சால்டரிங்கைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு புள்ளியும் கடுகுமணி. பொட்டியின் பக்கவாட்டில் குமிழுக்கு ஓட்டை போட டிரில்லை வைத்தபோது பார்க்க மனமில்லாமல் வாசலில் போய் நின்றுகொண்டேன். கடைசியில் ஒயரை இணைத்து, ஸ்பீக்கரில் கொடுத்து, "வாசிங்க அண்ணாச்சி" என்றாள்.

வாசித்தேன். அவள் இரண்டாவது குமிழை மெல்ல ஏற்றினாள். கொஞ்சம் திறந்தது. இன்னும் ஏத்து தாயி என்றேன். இன்னும் திறந்தது. பாதிக்கு மேல் போனதும் அவள் கை நின்றுவிட்டது. ஸ்கோப்பைக் காட்டினாள்.

"கோடு தடிச்சித் தெரியுது பாருங்க. ஃபில்டரே தனியாக் கூவ ஆரம்பிக்கும்போது இப்படித்தான் காட்டும். இது போதும். செத்த கொறச்சிக்கூட வைப்போம்."

"கூவுதா? உனக்குக் கேக்குதா?"

அவள் ஸ்பீக்கரிடம் குனிந்தாள். "கேக்கல. ஆனா கோடு..."

"கோட்டைப் பாத்தா பாட்டு கேக்குறது? காதை வச்சிக் கேளு. ஏத்து!"

ஏற்றினாள். 1987 திரும்பி வந்தது. அந்த மினுமினுப்பு, ஈரக்கையில் வளையல் குலுங்குகிற மாதிரி, முழுசாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். "நல்லாருக்கு அண்ணாச்சி, நெசமாவே நல்லாருக்கு" என்றாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பது உண்மை. இரண்டு பேரும் டீ வரவழைத்துக் குடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுற்றுவட்டார மெல்லிசைக் கலைஞர் சங்கத்தின் ஆண்டு விழா. ராஜபாளையத்தில் ஒரு மண்டபம், பகல் பதினோரு மணி. சங்கரன்கோவில், சிவகாசியிலிருந்தெல்லாம் குழுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாரிசெல்வியையும் காளிராஜையும் நான்தான் அழைத்திருந்தேன். சங்கச் செயலாளர் இம்மானுவேலிடம், இன்று என் பொட்டியைக் கேளும், இனிமேல் எல்லாப் பொட்டியும் இந்தப் புள்ளையிடம்தான் வரப்போகிறது என்று பெருமை அடித்தேன். அவரும் அன்றைக்கே அவளைச் சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டார். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு பின்வரிசையில் நின்றிருந்தாள்.

சிவரஞ்சனி மைக் முன்னால் வந்தாள். நான் இரண்டாவது ஃபில்டர் சுவிட்சைத் தட்டிவிட்டு ஆரம்பித்தேன். நாலு சுரம் வாசித்திருப்பேன். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு கையாலும் காதைப் பொத்தின. ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. சிவரஞ்சனி என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். சத்தம் பத்தவில்லையோ என்று நான் இன்னும் அழுத்தி வாசிக்கிறேன். மிக்ஸரில் இருந்தவன் மைக் ஊளையிடுகிறது என்று நினைத்து ஒவ்வொரு மைக்காக அணைத்துப் பார்த்தான். வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்து ஓட்டமெடுத்தது. மண்டபக்காரர் வளர்க்கிற வெள்ளை ராஜபாளையம் நாய் மட்டும் அசையவில்லை, அது பிறவிச் செவிடு. மண்டபத்தில் அந்த நேரம் நிம்மதியாக இருந்தது அந்த நாயும் நானும் மாரிசெல்வியும்தான். கடைசியில் மிக்ஸர்காரன் மேடைக்கு ஓடி வந்து என் பொட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

இம்மானுவேல் மேலே ஏறி வந்தார். "என்ன அண்ணாச்சி இது? காதுக்குள்ள ஊசி எறக்குற மாதிரி கூவுது. பொட்டியை என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அறுபத்தொரு வயது, முப்பத்தெட்டு வருஷ மேடை. காது போன கீபோர்டுக்காரனை எந்தக் குழு பக்கத்தில் சேர்க்கும்?

"நான் என்னத்தைச் செய்ய?" என்றேன். "அந்த மில்லுக்காரப் புள்ள என்னமோ வேண்டாததை உள்ள போட்டு விட்டுருச்சு. அப்பமே எனக்குச் சந்தேகம்தான்."

மெதுவாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் அழுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். பக்கத்தில் நின்ற இம்மானுவேலுக்கே பாதிதான் கேட்டிருக்கும். நிமிர்ந்தபோது, பின்வரிசையில், அறுபதடிக்கு அப்பால், மாரிசெல்வி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பியிருக்காது. முகம் ஒரு மாதிரி ஒடுங்கிப்போயிற்று. காளிராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் சிவரஞ்சனி வீட்டுக்கே வந்து, "வாங்க பெரியப்பா, அந்த அக்கா கடைக்குப் போவோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். போனால், அலமாரி காலி. மூன்று கீபோர்டையும் காலையிலேயே ஆள் விட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாரிசெல்வி சால்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டியைக் கொண்டாங்க அண்ணாச்சி. போட்டதைக் கழட்டித் தாரேன்" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சிவரஞ்சனி போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதில் ஒரு ஆப் இருக்கிறதாம், கீழிருந்து மேலே சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகுமாம். "கேக்குற வரைக்கும் கையைத் தூக்கியே வச்சிருங்க. நானும் தூக்குதேன்" என்றாள்.

மூன்று பேரும் கையைத் தூக்கினோம். ஊம் என்று ஆரம்பித்தது, விசிலாயிற்று, மெல்லிசாகி மெல்லிசாகி நின்றது. கையை இறக்கினேன். ஆப் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாரிசெல்வி கையும் இறங்கியிருந்தது. சிவரஞ்சனியின் கை மட்டும் மேலேயே இருந்தது.

"இன்னும் கேக்குதா?" என்றேன்.

"கேக்குது பெரியப்பா. வலிக்குது."

அந்த ஒரு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. போன் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் கை கடைசிவரை இறங்கவே இல்லை. மாரிசெல்வி அதையே வெறித்துப் பார்த்தாள்.

"கடையைப் பூட்டிட வேண்டியதுதான்" என்றாள். "செவிடிகிட்ட யாரு அண்ணாச்சி பாட்டுப் பொட்டியைக் குடுப்பா? மில்லுலயும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்." அப்புறம் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. மார்கழி, தை விழாக்களுக்கு ஆள் முடிவு செய்கிற நேரம் அது. இம்மானுவேல் போன் பண்ணினார். மனுஷன் நியாயஸ்தர். "அண்ணாச்சி, ஒங்க காதா, அந்தப் புள்ள வேலையா, எதுன்னு தெரியாம ஆளாளுக்குப் பேசுதாவ. மதுரைக்குப் போயி டாக்டர் சீட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. குரூப்புல போட்டு முடிச்சிருவோம்" என்றார். ஆக, சீட்டில் என் காது நல்ல காது என்று வந்தால் அவள் கடை போகும். கெட்ட காது என்று வந்தால் என் மேடை போகும். நல்ல காது என்று வர வேண்டுமே என்று ஆண்டாளை வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பொய் சொல்ல விரும்பவில்லை. மாரிசெல்வியும் தன் காதைப் பார்த்துவிட வேண்டும் என்று கூட வந்தாள்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிடுகிறார்கள். வெளியே ஒரு நர்ஸ் மெஷினில் பட்டனை அமுக்குவாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நர்ஸின் கை தெரிகிற மாதிரி அவளுக்குப் பின்னால் பெஞ்சில், காத்திருக்கிற ஆள். முதலில் மாரிசெல்வி போனாள், நான் பெஞ்சில் இருந்தேன். அவள் கூண்டுக்குள் இருந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, தைரியமாக இரு என்று தலையை ஆட்டினேன். வெளியே வந்தபோது அவள் சீட்டில் கேட்கும் அளவைக் காட்டுகிற கோடு பாதி தூரம் போய்ச் சறுக்கிக் கீழே விழுந்திருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொன்னாள். மில்லுக்கு வருஷா வருஷம் காது பரிசோதிக்க வேன் வருமாம், இதே மாதிரிக் கூண்டோடு. பல வருஷத்துக்கு முன் பிரிஸ்கில்லா என்று ஒருத்தி, காது மந்தம், வேலை போய்விடுமே என்று பயந்து நடுங்கியிருக்கிறாள். வரிசையில் நின்ற இவர்கள் அமுக்குகிறவரின் கையைப் பார்த்து, அவர் பட்டனைத் தொட்ட உடனே ஒரு விரலை அசைத்துக் காட்டியிருக்கிறார்கள். கூண்டுக்குள் இருந்தவள் அதைப் பார்த்துக் கை தூக்கிப் பாஸாகிவிட்டாள். அடுத்த வருஷம் எல்லோரும் எல்லோருக்கும் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டாகவே அது ஒரு வழக்கமாகிவிட்டது.

"பாவம், அவ பொழைக்கட்டும்னுதான் காட்டினோம். பொறவு எவளுக்குக் கேக்குது, எவளுக்குக் கேக்கலன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சு. வருசா வருசம் எனக்கு நல்ல காதுன்னு எழுதிக் குடுத்தாவ. நானும் நம்பிட்டேன் அண்ணாச்சி."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். கதவு சாத்தியதும் ஒரு நிசப்தம், என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. முதலில் வந்த சத்தமெல்லாம் கேட்டது, விரலைத் தூக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. நர்ஸ் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பெஞ்சைப் பார்த்தேன்.

மாரிசெல்வி மடியில் கையை வைத்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினாள்.

பழக்கமா, இரக்கமா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், என் சீட்டு நன்றாக வந்தால் அவள் கடைக்குப் பூட்டு என்று. தெரிந்தே காட்டினாள். என் விரலும் எழுந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு தடவை எழுந்துவிட்டது. நர்ஸ் குறித்துக்கொண்டாள். மறுபடி மாரிசெல்வியின் விரல் உயர்ந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, ஒன்றுமே வரவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து தோளைத் தட்டினாள். என் சீட்டிலும் கோடு பாதியிலேயே விழுந்திருந்தது.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது குழுவில் பின்னால் உட்கார்ந்து, சொல்கிற இடத்தில் மட்டும் வாசிக்கிறேன். இரண்டு குழுக்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டன, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேரடிச் சந்துக் கடை திறந்திருக்கிறது. மாரிசெல்வி ஸ்கோப்பை வைத்துத்தான் வேலை செய்கிறாள், கோடு சொல்வதற்கு மேல் ஒரு இழை ஏற்றுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சிவரஞ்சனி சம்பளத்துக்கு வந்து, முடிந்த பொட்டிகளைக் கேட்டுச் சொல்கிறாள். என் பொட்டியில் இரண்டாவது ஃபில்டர் இன்னும் இருக்கிறது. குமிழுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆணி வைத்துப் பாதிக்கு மேல் திரும்பாதபடி நிறுத்திவிட்டாள். அந்த அளவில் ரொம்ப இனிமையாக இருக்கிறது என்று சிவரஞ்சனி சொல்கிறாள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவள் சொல்வதை நம்பி வாசிக்கிறேன்.

ஆனால் அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. கல்லுப்பட்டி தாண்டியதும் டாக்டர் சீட்டைப் போனில் படம் பிடித்தேன். குரூப்பில் போட்டு, கீழே எனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினேன். சௌந்தரபாண்டியன் ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழுச் சம்மதத்துடன் எழுதிக் கொடுப்பது. இது போதும் என்று மாரிசெல்வி சொன்ன அளவில் நிறுத்தியிருந்தால் பொட்டி கூவியிருக்காது. ஏற்றச் சொன்னவன் நான். எனக்குக் காது கேட்கவில்லை. மண்டபத்தில் நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது பொய்.

அவள் மடியில் இருந்த போன் வெளிச்சம் போட்டது. அது எழுப்பிய சத்தம் அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. நான்தான் பார் என்று காட்டினேன். எடுத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணாச்சி கண்ணை மூடினிய? நான்தான் வெரலைக் காட்டினேன்ல?"

"காட்டின தாயி. பாத்தேன்."

"பொறவு என்ன?"

பஸ் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்டபத்துல நான் பொய் சொல்லும்போதும் நீ இப்படித்தான பாத்துக்கிட்டு இருந்த" என்றேன்.